முறை என்னும் சொல்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் நாள்தோறும் வழங்கும் 'முறை' என்னும் சிறு சொல்லைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

ஒரு முறை, இரு முறை என்று எண்ணுகிறோம். 'அவர் உங்களுக்கு என்ன முறை வேண்டும்?' என்று உறவு கேட்கிறோம். பலகாரம் செய்யும் விதம் செய்முறை. பாட்டன், தந்தை, மகன் என வருவது தலைமுறை. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் வாசல் தெளித்துக் கோலமிடும் பொறுப்பு வீட்டுக்கு வீடு மாறி வரும். அதற்கு முறைவாசல் என்று பெயர். இவற்றினூடே ஓடும் பொருள் ஒழுங்கு.

வள்ளுவர் இன்னும் மேலே செல்கிறார். செங்கோன்மை அதிகாரத்தில் முறை என்றால் நீதி. ஒழுங்குக்கும் நீதிக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? அதை நாங்கள் வயற்காட்டில் கற்றோம்.

நாங்கள் சிறுவராயிருந்தபோது, குளத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். தலைமடைக்கு இன்ன நேரம், கடைமடைக்கு இன்ன நேரம் என்று கணக்கு உண்டு. ஓராண்டு தலைமடையார் சிலர் இரவோடிரவாகத் தண்ணீரைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டனர். கடைமடையில் பொதி கட்டி நின்ற நெற்பயிர் கருகிற்று. அங்கே கைம்பெண் ஒருவருக்கு இருந்தது ஒரே வயல். அவர் ஊர்க்கூட்டத்திற்கு வந்து முறையிட்டார். 'கூட்டத்தின் ஒழுங்கு கெடுகிறது, உட்காரும்மா' என்று அடக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டார் எவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வயல் தலைமடையில் இருந்தது.

அன்று முறை கெட்டது அந்த அம்மையாரின் பேச்சினாலன்று. தண்ணீரைத் திருப்பிய கையினால், பார்த்திருந்த எங்கள் மௌனத்தினால். நீதி கேட்டு வருவதை நம் மொழி முறையிடுதல் என்கிறது. கண்ணகி பாண்டியன் அவையில் செய்தது அதுவே. இலங்கைத் தமிழர் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கும் முறைப்பாடு என்றே பெயர். தவறிய முறையைக் கேட்டு வருபவர் முறையைக் கெடுப்பவர் அல்லர்; அதைக் காக்க வருபவர்.

நாளை நமது அசன விருந்து. முதல் பந்தியில் அமரும் நாம் கடைசிப் பந்தியையும் நினைவில் வைப்போம். கடைசியாக வரும் மூதாட்டிக்கும் அதே சோறும் அதே குழம்பும் கிடைக்குமானால், நம் விழா முறையாக நடந்தது என்று சொல்லலாம். கிடைக்கவில்லை என்று அவர் முறையிட்டால், இம்முறையாவது அவரை அடக்காமல் செவிகொடுத்துக் கேட்போமாக.