பூந்தொட்டியில் வந்த நத்தை



மழை பெய்தால் பெங்களூரில் பல தோட்டங்களில் பெரிய நத்தைகள் வருகின்றன. மதில் மேல் ஏறுகின்றன. கீரைப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையாக்குகின்றன. நத்தையைக் கன்னடத்தில் 'பசவன ஹுளு' என்பார்கள். பசவன் என்றால் காளை. காளையைப் போல இதற்கும் தலையில் கொம்பு உண்டு அல்லவா?

ஆனால் இந்தப் பெரிய நத்தை நம் நாட்டு நத்தை அல்ல. இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847ஆம் ஆண்டு பென்சன் என்பவர் மொரீசியஸ் தீவிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விட்டார்கள். அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

நத்தை நடந்தா இவ்வளவு தூரம் வரும்? இல்லை. நாம்தான் சுமந்து வருகிறோம். பூந்தொட்டி, மண், எரு, மரக்கட்டை ஆகியவற்றோடு நத்தையும் முட்டையும் ஊர் விட்டு ஊர் போகின்றன. ஒரு நத்தை ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். வறட்சியில் ஓட்டை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். மழை வந்தால் விழித்துக்கொள்ளும்.

பயிர் மட்டுமல்ல, நம் உடல்நலமும் கெடும். எலியின் உடலில் ஒரு வகைப் புழு வாழ்கிறது. எலிக் கழிவைத் தின்னும் நத்தைக்குள் அதன் குஞ்சுப் புழுக்கள் சேரும். கழுவாத கீரை, காய் வழியாக அவை நமக்குள் வந்தால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும். அதனால் குழந்தைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள்.

"நத்தையைத் தின்னும் பிராணி ஏதாவது இருந்தால் கொண்டுவந்து விடலாமே!" என்று சிலர் கேட்பார்கள். அப்படியும் செய்து பார்த்தார்கள். நியூகினியைச் சேர்ந்த ஒரு தட்டைப்புழு நத்தையைத் தின்னும். 1980களில் அதைப் பிலிப்பைன்ஸிலும் மாலத்தீவிலும் கொண்டுபோய் விட்டார்கள். ராட்சத நத்தை குறைந்தது. ஆனால் அந்தப் புழு அதோடு நிற்கவில்லை. அது பரவிய பசிபிக் தீவுகளில் எந்தத் தீங்கும் செய்யாத உள்ளூர் நத்தைகளையும் தின்று அழித்தது. செடித் தொட்டிகளின் மண்ணோடு வேறு நாடுகளுக்கும் போனது. 2015இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அது இருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இரண்டாவது தொல்லை வந்தது.

அப்படியானால் வழி என்ன? நம் கைகளே வழி.

மாலையில் ஈரச் சாக்கைத் தோட்டத்தில் விரியுங்கள். அதன் மேல் பப்பாளி இலை, முட்டைகோஸ் இலை போடுங்கள். காலையில் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டு எடுங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அடர்த்தியான உப்புத் தண்ணீர் உள்ள வாளியில் போடுங்கள். செத்த பிறகு குழியில் புதையுங்கள். செடியடியில் உப்பைக் கொட்டாதீர்கள், செடி பட்டுப்போகும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி போல முட்டைகள் இருக்கும். அவற்றையும் அழியுங்கள்.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போகிறோம். நர்சரியில் செடி வாங்குகிறோம். வாங்கும்போது தொட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நர்சரியில் வேலை செய்யும் சகோதரிகளே, தொட்டியை வண்டியில் ஏற்றும் முன் நீங்களும் பாருங்கள்.

ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. பக்கத்து வீட்டு நத்தை இரவில் மதில் தாண்டி வந்துவிடும். தெருவே சேர்ந்து செய்ய வேண்டும். இன்று மாலையே தொடங்குவோம்.