குழாய் நிறைந்தால்

சாவகச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த தென்மராட்சிக் கிராமங்களிலும், நீரிறைக்கும் இயந்திரம் வருமுன், தோட்டங்களுக்குத் துலாவினால் நீர் இறைத்தனர். ஒருவர் துலாவின்மீது முன்னும் பின்னும் நடப்பார்; ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை நீரை வாய்க்காலில் ஊற்றுவார்; மூன்றாமவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி நீர் மாறுவார். மாறுபவர் அயர்ந்தால் வாய்க்கால் நிரம்பி வரம்பு உடையும். துலா மிதிப்பவர் எத்துணை வலியராயினும், வேலையின் வேகம் மாறுபவர் கையிலேயே இருந்தது.

கணினியினுள் ஒரு செய்நிரல் மற்றொன்றுக்குத் தரவு அனுப்புவதும் இத்தகையதே. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய், தோட்டத்து நீர்க்குழாய்களைப் போலச் செய்நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என 1964இல் எழுதினார். 1973இல் கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் இயங்குதளத்தில் நிறைவேற்றினார். குழாய் என்ற பெயரே நிலைத்தது.

இக்குழாய்க்கும் கொள்ளளவு உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் அது வழக்கமாக 65,536 பைற்றுகள். அது நிறைந்தபின்னும் எழுத முனையும் செய்நிரலை, மறுமுனையில் வாசித்து இடம் உண்டாகும்வரை இயங்குதளம் நிறுத்திவைக்கும். இது நல்ல ஏற்பாடே. வரம்பு உடைவதில்லை, துளியும் வீணாவதில்லை.

இடர் இருவழிப் போக்கிலேதான் எழுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய நூலொன்றை ஒருங்குறிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். முதற் செய்நிரல் நூல் முழுவதையும் ஒரு குழாயில் அனுப்பி முடித்தபின்பே, மாற்றிய வரிகளை மற்றக் குழாயிலிருந்து வாசிக்க எண்ணுகிறது. மாற்றும் செய்நிரலோ வரிக்கு வரி விடை எழுதுகிறது. விடைக்குழாய் நிறைகிறது, எழுத இயலாமல் அது நிற்கிறது, நின்றதனால் வாசிப்பதுமில்லை. முதற் குழாயும் நிறைய, அனுப்புவதும் நிற்கிறது. பிழைச்செய்தி ஒன்றுமில்லை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி காத்துக் கிடக்கும். பத்துப் பக்கங்களைக் கொடுத்துச் சோதித்தவர் மகிழ்ந்து வீடு செல்வார். முழு நூலைக் கொடுத்த அன்றே குட்டு வெளிப்படும்.

குழாயைப் பெரிதாக்கலாம். லினக்ஸ் அதற்கு இடமளிக்கிறது. ஆயினும் அது இடரைப் பெரிய நூல் வரும் நாளுக்குத் தள்ளிவைப்பதேயாகும். எழுதும்போதே வாசிப்பதற்கும் ஒருவரை அமர்த்துவதே தக்க வழி: ஒரே செய்நிரலில் ஓர் இழை எழுத, மற்றோர் இழை வாசிக்கலாம். அன்றி, குழாயைத் தடைபடா முறையில் திறந்து, கொண்டமட்டும் எழுதி, எஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கப் போகலாம். எந்த முனை ஆயத்தம் என்பதை இயங்குதளத்தைக் கேட்டறியலாம். அவசரமில்லாத வேலையாயின், விடையைத் தற்காலிகக் கோப்பொன்றில் இறக்குவது எல்லாவற்றினும் எளிது.

எழுதி முடிந்ததும் எழுதுமுனையை மூடவும் வேண்டும். மூடாவிடின், நூல் முடிந்ததென்பதை அறியாத மாற்றுநிரல், கடைசி வரிக்கு அப்பாலும் அடுத்த வரியை எதிர்பார்த்து நின்றுவிடும்.