பிரித்தறிதலும் பிரித்துவைத்தலும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது நான் தயங்கினேன். நான் வரலாறு பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்றவன். அறிவியல் எனக்குக் கிட்டாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பயின்ற பள்ளியொன்றில், ஆய்வுக்கூட வகுப்பு நடக்கும்போது நம் தெருப் பிள்ளைகள் நால்வரும் சுவரோரம் நிறுத்தப்பட்டோம். "தொடாதீர்கள், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்பது எங்களுக்கு இடப்பட்ட ஆணை. ஒரு சோதனைக் குழாயையேனும் கையில் பிடிக்காமல் பள்ளிப் படிப்பை முடித்தேன். பின்னர்க் கல்லூரியில் வரலாற்றை விரும்பியே கற்றேன். ஆனால் அதில் சேர்ந்தது விருப்பத்தால் அன்று.

அப்படிப்பட்ட நான் இன்று வேதியியல் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் ஒரு மாணவி கேட்ட கேள்வி. ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்தமையால் பன்னிரண்டாம் வகுப்பிற்கு நான் சென்றிருந்தேன். மாணவர்கள் உயிரியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தனர். மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் துண்டுகளை 'அகரோஸ்' என்னும் பொருளில் ஓடவிட்டுப் பிரிப்பார்கள் என்றும், அகரோஸ் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது என்றும் ஓரிடத்தில் வந்தது. ஒரு பெண் எழுந்து, "ஐயா, இது எங்கள் அம்மா எடுக்கிற பாசியா?" என்று கேட்டாள். அவளுடைய தாயார் விரல்களில் துணிக்கீற்றுகளைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறினேன். மறுநாளைக்குள் முடியவில்லை, அறிவியல் ஆசிரியர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. நான் அறிந்துகொண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

உலகில் தனித்திருக்கும் பொருள் அரிது. இரத்தம், பால், பச்சிலைச் சாறு, கிணற்று நீர் எல்லாம் பல பொருள்களின் கலவைகளே. அவற்றில் இன்னது இவ்வளவு உள்ளது என்று சொல்லவேண்டுமானால் முதலில் பிரித்தாகவேண்டும். இக்கலை நமக்குப் புதியதன்று. வாலிநோக்கம் உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். கடல்நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புகள் உள்ளன. வெயிலில் நீர் வற்றும்போது ஜிப்சம் முன்னதாகப் படிகிறது. அதன்பின் அடுத்த பாத்தியில் நாம் உண்ணும் உப்பு விளைகிறது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் தங்கிவிடுகின்றன. எந்த நேரத்தில் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றவேண்டும் என்பதை உப்பளத் தொழிலாளி அறிவார். அவர் செய்வது வேதியியலே. ஆனால் அவரை வேதியியலார் என்று எவரும் அழைத்ததில்லை.

இனி, ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். ருஷ்ய நாட்டுத் தாவரவியலார் மிகயில் சுவெட் என்பவர் வார்சாவில் பணியாற்றியபோது, ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதன்மேல் இலைச்சாற்றின் கரைசலை ஊற்றினார். கரைசல் இறங்க இறங்கப் பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றின. சுண்ணத்தை இறுகப் பற்றும் பொருள் மேலே தங்கியது. பற்றாத பொருள் விரைந்து கீழிறங்கியது. பச்சை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது பல நிறங்களின் கூட்டம் என்பது கண்கூடாயிற்று. 1906-ஆம் ஆண்டில் அவர் இதற்குக் 'குரோமட்டோகிராபி' என்று பெயரிட்டார். நம் பாடநூல்கள் 'வண்ணப்பிரிகை' என்கின்றன. அவர் 1919-இல் மறைந்தார். 1931-இல் ஜெர்மானிய நகரமாகிய ஹைடல்பர்க்கில் அம்முறையை மீண்டும் கையாண்டு பயன் கண்ட பின்னரே உலகம் அதை நாடியது. இடையில் சென்றவை இருபத்தைந்து ஆண்டுகள். ஒரு வெள்ளி விழாக் காலம்.

இப்பொழுது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நம் கடலோரத்தில் மரிக்கொழுந்து என்றும் கஞ்சிப்பாசி என்றும் வழங்கும் பாசிகளில் அகர் என்னும் பொருள் உண்டு. நோன்பு மாதத்தில் கீழக்கரை இல்லங்களில் செய்யும் கடற்பாசி இனிப்பு உறைவது இதனால்தான். கிருமிகளை வளர்த்து ஆராய இதனைப் பயன்படுத்தலாம் என்று 1881-இல் கூறியவர் ஃபானி ஹெஸ்ஸே என்னும் குடும்பப் பெண்மணி. அவருடைய கணவர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். காக் 1882-இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அகரும் ஒரு கலவையே. அதில் அகரோஸ், அகரோபெக்டின் என்ற இரு பகுதிகள் இருப்பதை ஜப்பானிய வேதியியலார் அராக்கி காட்டினார். அகரோபெக்டினில் மின்னூட்டம் உடைய பகுதிகள் உண்டு; அவை பிற பொருள்களைப் பிடித்திழுத்துப் பகுப்பாய்வைக் குழப்பும். சுவீடன் நாட்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெலன் யெர்ட்டேன் 1961-இல் அதனை நீக்கி, தூய அகரோஸைப் பிரிக்கும் ஊடகமாகப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். அகரோஸ் இழுமத்தின் ஒரு முனையில் டி.என்.ஏ. துண்டுகளை இட்டு மின்சாரம் செலுத்தினால், அவை நேர்மின் முனையை நோக்கி நகரும். சீமைக் கருவேலங்காட்டில் ஆட்டுக்குட்டி நுழைந்து ஓடிவிடும். மாடு சிக்கிச் சிக்கித்தான் வரும். அதுபோலச் சிறிய துண்டுகள் முந்தும்; பெரியவை பிந்தும். குற்றவாளியைக் கண்டறிவதற்கும், பரம்பரை நோயை அறிவதற்கும் இம்முறை துணைபுரிந்து வந்திருக்கிறது.

ஆகவே அவளிடம், "ஆம் அம்மா, உன் தாயார் எடுக்கும் பாசியிலும் அதற்கு மூலமான அகர் இருக்கிறது" என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்படியென்றால் ஏன் ஐயா கிலோவுக்கு இவ்வளவு குறைவாகத் தருகிறார்கள்?" என்றாள்.

அன்பர்களே, இக்கேள்வியை எண்ணிப் பாருங்கள். உலர்ந்த பாசி ஒரு விலை; அதிலிருந்து பிரித்த அகர் அதனினும் உயர்ந்த விலை; அகரிலிருந்து பிரித்த அகரோஸோ பன்மடங்கு விலை. ஒவ்வொரு படியிலும் விலையை ஏற்றுவது பிரிக்கத் தெரிந்த அறிவு. மண்டபம் முகாமிலேயே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதன் வாயிலைக் கடந்து பேருந்தில் செல்கிறார்கள். உள்ளே சென்று பணிபுரியும் தகுதியை அவர்களுக்கு நாம் தேடித்தந்தோமா?

அறிவு பெற்றால் மட்டும் போதுமா என்று இளைஞர்கள் கேட்கலாம். ஆலிஸ் பால் என்னும் அமெரிக்கக் கருப்பினப் பெண்ணின் வரலாற்றைச் சொல்கிறேன். தொழுநோய்க்கு அந்நாளில் சால்மோக்ரா எண்ணெய் தந்தார்கள். நம் சித்த மருத்துவர் அறிந்த நீரடிமுத்து அவ்வினத்ததே. அவ்வெண்ணெய் உண்டால் குமட்டும். ஊசியாற் செலுத்தினால் தோலடியில் கட்டியாய் நிற்கும். ஹவாய்க் கல்லூரியில் 1915-இல் முதுநிலைப் பட்டம் பெற்ற அப்பெண், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை வேறு வடிவமாக்கிப் பிரித்து, உடலில் எளிதிற் கலக்கும் மருந்தாக்கும் வழியைக் கண்டார். 1916-இன் இறுதி நாளில், இருபத்து நான்காம் வயதில் மறைந்தார். அவ்வேலையைத் தொடர்ந்த ஆர்தர் டீன் அதனை வெளியிட்டபோது அவர் பெயரைச் சொல்லவில்லை. 1922-இல் ஹால்மன் என்னும் மருத்துவர் அது பாலின் முறை என்று எழுதினார். பல்கலைக்கழகம் நினைவுப் பலகை வைத்தது 2000-ஆம் ஆண்டில்.

இதனால் நாம் சோர்வடையவேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் கையில் சோதனைக் குழாய் இருந்தமையாற்றான், மறைக்கப்பட்ட பெயரும் மீண்டும் வெளிவந்தது. குழாயையே தொடவிடாமற் செய்தால் மறைப்பதற்குப் பெயரும் இராது. எங்கள் நால்வருக்கும் நேர்ந்தது அதுதான்.

வேதியியலார் எதனையும் காரணமின்றிப் பிரிப்பதில்லை. பருமன், கரைதிறன், மின்னூட்டம் என்று அளந்து காட்டக்கூடிய ஒரு வேறுபாடு வேண்டும். அதனை மற்றொருவர் மற்றோர் ஊரில் செய்தாலும் அதே முடிவு வரவேண்டும். சாதி எங்களைச் சுவரோரம் பிரித்துவைத்தபோது எங்களிடம் எதை அளந்தது? பிரித்தறிவது அறிவியல், அறியாமலே பிரித்துவைப்பது சாதி. இவ்வேற்றுமையை நம் பிள்ளைகள் நூலில் மட்டுமன்றித் தம் கையால் செய்தும் உணரவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாகத் தெரு முனையில் ஓர் அலங்கார வளைவு கட்டவேண்டும் என்று குழுவில் பலர் விரும்புவதை அறிவேன். அவ்விருப்பத்தில் தவறில்லை; நம் பெயர் கல்லிற் பொறிக்கப்படாத காலத்தை அறிந்தவர்களின் விருப்பம் அது. ஆயினும் அந்தப் பணத்தைக் கொண்டு நம் படிப்பகத்தின் பின்னறையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைக்குமாறு வேண்டுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஒன்று, தராசு ஒன்று, கண்ணாடிக் குழாய்கள் சில, மாலைதோறும் வந்து கற்பிக்கும் நம் பட்டதாரி இளைஞர் இருவர். தொடக்கத்திற்கு இவை போதும். எஞ்சிய தொகை வேதியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆகட்டும்.

கேள்வி கேட்ட மாணவி இவ்வாண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அதன்பின் தாயாருடன் கடலுக்குச் செல்வதா, கல்லூரிக்குச் செல்வதா என்று அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வளைவா, ஆய்வுக்கூடமா என்று நாம் முடிவு செய்யும்போது அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.