தெரிந்தே செய்த தீங்கு



ஒருவரால் இன்னொருவருக்குத் தீங்கு வருகிறது. அது இரண்டு விதமாக வரலாம். சைக்கிளில் வருபவர் பராக்குப் பார்த்து இடித்துவிடுகிறார். இது கவனக்குறைவு. இன்னொருவர் கோபத்தில் கன்னத்தில் அறைகிறார். இது தெரிந்தே செய்வது. இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

அறைந்தவர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாம். குற்றம் நிரூபணமானால் அவருக்குத் தண்டனை கிடைக்கும். இது பலருக்கும் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. அடிபட்டவர் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். ஒரு வழி மற்றதைத் தடுக்காது.

எந்தத் தீங்குகளுக்கு நஷ்டஈடு கேட்கலாம்? அடிப்பது, அடிக்கக் கை ஓங்கிப் பயமுறுத்துவது, அடைத்து வைப்பது, அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைவது, பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது. இப்படிப் பல உண்டு.

ஒரு செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் முன்பணம் வாங்கி அங்கே வேலைக்கு வந்திருக்கிறது. ஊரில் ஒரு சாவு. போக வேண்டும் என்கிறார்கள். "கணக்கு முடியாமல் போகக் கூடாது" என்று சொல்லி முதலாளி கதவைப் பூட்டுகிறார். காலையில்தான் திறக்கிறார். யாரையும் அடிக்கவில்லை. இது தவறா? நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

1. தெரிந்தே செய்தாரா? ஆம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே பூட்டினார்.

2. உரிமை பறிபோனதா? ஆம். எந்தப் பக்கமும் வெளியே போக முடியவில்லை. பின்கதவு வழியாகப் போக முடிந்திருந்தால் அது அடைத்து வைத்தது ஆகாது.

3. அவர் செயலால்தான் அது நடந்ததா? ஆம். பூட்டியவர் அவர்தான்.

4. சம்மதமோ சட்ட அனுமதியோ இருந்ததா? இல்லை. பாக்கிக்காக ஆளைப் பூட்டி வைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது.

ஆகவே இது தவறுதான். காயம் இல்லை, காசு போகவில்லை என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. ஒரு மனிதரின் விடுதலையைப் பறித்ததே தீங்கு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அடிக்க வந்தவரைத் தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவு தள்ளிவிட்டால் அது தவறாகாது.

அரசாங்கமே ஆளை அடைத்தால்? ஜம்மு காஷ்மீரில் பீம் சிங் என்ற எம்.எல்.ஏ. இருந்தார். 1985 செப்டம்பரில் சட்டசபைக் கூட்டத்துக்குப் போகும்போது போலீசார் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அவரால் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். வெளியே வந்துவிட்டாரே என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை.

இப்படி நமக்கு நடந்தால் என்ன செய்வது? நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிபட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்குங்கள்.

தாமதம் கூடாது. அடைத்து வைத்ததற்கும் பெயரைக் கெடுத்ததற்கும் 1 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நிலத்தில் அத்துமீறி நுழைந்ததற்கு 3 வருடம் உண்டு. கெடு தாண்டினால் நியாயம் இருந்தும் வழக்கு நிற்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். கோர்ட் கட்டணத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கொத்தடிமையாக இருந்தவர்களுக்கும் அப்படியே. போன் எண் 15100.

இந்த எண்ணை உங்கள் கையாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள்.