தோட்டப் பள்ளியும் பத்தனைக் கல்லூரியும்



ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவீதியில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே பத்தனை என்னும் ஊர் உள்ளது. அங்கு, தேயிலை மலைகளின் நடுவே, ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி அமைந்திருக்கிறது. அக்கல்லூரி தோன்றிய வரலாற்றை அதன் அடிக்கல்லிலிருந்து தொடங்குதல் பொருந்தாது. தோட்டப் பள்ளியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்திற்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்தியது. சட்டத்தின் பயனாய்ப் பள்ளிகள் எழுந்தன. ஆயின், அவற்றுட் பல ஓரறையும் ஓராசிரியரும் மட்டுமே கொண்டவை. கொழுந்தெடுக்கும் வயது வந்ததும் பிள்ளையின் படிப்பும் முடிந்தது.

1945 இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அப்பொழுதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே நின்றன. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; அதன் பின்னர், 1977 முதற்கொண்டே, பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

பள்ளிகள் வந்தன, ஆசிரியர் எங்கே? வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோருட் பலர் இடமாற்றம் பெற்றுச் சென்றனர். அவர்களை மட்டும் குறைகூறல் நியாயமன்று. தங்குவதற்கு வீடில்லை, மலையேறிச் செல்லப் பேருந்தில்லை. ஆகவே, 1980களில் மலையக இளைஞரே ஆசிரியராக நியமிக்கப்படலாயினர். லயத்தில் பிறந்தவர் லயத்துப் பிள்ளைக்கு ஆசானானார். ஆனால் அவருக்கு ஆசிரியப் பயிற்சி இல்லை.

இவ்வேளையில், 1985 முதல் நாட்டில் கல்வியியற் கல்லூரிகள் தோன்றலாயின. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கு வலுவளித்தது. இரண்டாண்டு விடுதியில் தங்கிக் கற்றலும், ஓராண்டு பாடசாலையிற் பயிற்சி பெறுதலும் அவற்றின் முறை. அம்முறையைப் பின்பற்றியே, 1990களின் முற்பகுதியில், ஜேர்மனிய அரசின் உதவியுடன் பத்தனைக் கல்லூரி உருப்பெற்றது. அதன் இடங்களில் நான்கில் மூன்று பங்கு மலையகத் தமிழ் மாணவர்க்குரியது என்பது உடன்பாடு.

அவ்வுடன்பாடே வாதத்துக்கும் இடமாயிற்று. அரசாங்கக் கல்லூரியில் ஒரு சமூகத்தவர்க்கு ஏன் இத்துணைப் பங்கு என்று கேட்டோர் உளர். நுவரெலியா மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களிலும் வறுமை உண்டு. எனவே, அக்கேள்வியை வெறும் பகைமையெனத் தள்ளிவிடல் ஆகாது. எனினும், விடை பள்ளி அறையிலேயே இருக்கிறது. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் கற்ற மாணவன், எல்லா வசதியும் பெற்ற மாணவனோடு புள்ளியில் மட்டும் போட்டியிட்டால் தோற்பான். அவன் தோற்றால், அவனது பள்ளிக்கு அடுத்த தலைமுறையிலும் கணித ஆசிரியர் கிடையார். இந்தச் சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். நிறுத்துவதற்கென்றே பத்தனைக் கல்லூரி எழுந்தது.

அப்பங்கு முறையாகப் பேணப்படுகின்றதா என்ற வினா பின்னரும் எழுந்து வந்திருக்கிறது. பங்கைக் காப்பது ஒரு கடமை. அங்கே பயின்று வெளியேறுவோர், எட்டாத தோட்டத்துப் பள்ளியையும் மறவாது நாடிச் செல்வது மற்றொரு கடமை. முன்னதை அரசிடம் கேட்கலாம். பின்னதை அவரவர் நெஞ்சிடமே கேட்கவேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றிக் கல்லூரியின் நோக்கம் நிறைவேறாது.