காந்தளும் காவலணுவும்

மகளிர் விரலுக்குச் சங்கப் புலவர் உவமை கூறிய காந்தளைத் தில்லியில் வாழும் தமிழரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. அந்நஞ்சு பற்றும் புரதத்தை 1967-இல் சிகாகோ விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ட்யூபுலின் எனப்படும் அப்புரதமே நம் உயிரணுக்களுள் நுண்குழல்களாக அமைகிறது.

டி அணு என்னும் காவலணு, பகையின் அடையாளம் தாங்கிய அணுவைச் சந்தித்ததும், இக்குழல்களின் மையத்தைச் சந்திப்பிடம் நோக்கி நகர்த்துகிறது. ஏவலும் ஆயுதமும் அக்குழல்வழியே செல்கின்றன. குழலின்மீது அசிட்டைல் என்னும் சிறு இரசாயன முத்திரை பதிவதும் நீங்குவதும் இவ்வொழுங்கில் பங்குகொள்கின்றன. முத்திரையை நீக்கும் நொதி மிகுந்தால் காவலணு விழித்தெழுவது தடைப்படும் என்று 2004-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர்.

கௌட் என்னும் மூட்டு நோயில் வரம்பு மீறிப் பாயும் வெள்ளணுக்களைக் கால்ச்சிசின் அடக்குவதும் பெரிதும் இக்குழல்களைத் தடுத்தே. ஆயினும், நேயர்களே, மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஊரிலிருந்து வந்த கிழங்காயிற்றே என்று கைம்மருந்தாக உண்ணற்க. மருத்துவர் குறித்த அளவே மருந்து.