டயரின் மறைந்த ஓரம்

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலை முந்தலைக் கடந்தே செல்கிறது. அத்தகைய நேர்சாலைகளில் விரைந்தோட, காரின் சுருள்வில்லைக் குறுக்கி அதனைத் தாழ்த்துவாருளர். தோற்றமும் வளைவுகளில் உறுதியும் கூடும் என்பது அவர் எண்ணம். ஆயின், அதன் கேட்டைச் சுமப்பது டயரே.

தனித்தனியே அசையும் சில்லுகளையுடைய கார் தாழும்போது, பெரும்பாலும் சில்லின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பே மிகுந்த பாரத்தைத் தாங்கும். அதனினும் கொடியது வேறொன்றுண்டு. சுக்கானோடு சில்லை இணைக்கும் தண்டின் கோணம் மாறுவதால், முன்சில்லுகள் நேர்நோக்கை இழக்கின்றன. அவை உருள்வதோடு தரையில் உரசியும் செல்லும். துருவலையில் தேங்காய் தேய்வதுபோல டயர் தேய்ந்துவிடும்.

வெளியே நின்று பார்ப்பவர்க்கு டயர் புதிதாகவே தோன்றும். வடகீழ்ப் பருவமழையில் சாலை நனையும்போதுதான் உண்மை வெளிப்படும். பள்ளம் தேய்ந்த விளிம்பு நீரை வெளியேற்றாது. பிரேக் பிடித்தும் கார் வழுக்கும். உள்நூல் தெரியுமளவு தேய்ந்த டயர் வெடிக்கவுங் கூடும்.

ஆதலின், காரைத் தாழ்த்தியவர் உடனே சில்லுகளின் நேர்நிலையைக் கராச்சிற் சீர்செய்வித்தல் வேண்டும். மாதம் ஒருமுறை, காரை நிறுத்திச் சுக்கானை முழுதுந் திருப்பி, முன்டயர்களின் உள்ளோரத்தை நோக்குதல் நன்று. கண்ணிற் படாத அவ்வோரத்தையும் நம்பியே காரில் உள்ளோர் உயிர் இருக்கின்றது.